நூற்றுக்கு முப்பது

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சதவிகிதக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வழக்கமாக ரம்புத்தான் பழத்தைத்தான் துணைக்கு அழைப்பேன். நூறு பழத்தில் முப்பது அழுகிவிட்டால் மீதி எத்தனை என்று கேட்பேன். பிள்ளைகளும் உற்சாகமாகக் கை தூக்குவார்கள். சென்ற ஆண்டு அந்தப் பாடம் நடந்த அன்று, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“டீச்சர், தோட்டத்தை வித்துட்டா நூறு வீட்டுக்கு முப்பது வீடு நமக்குக் கொடுப்பாங்கன்னு எங்க பாட்டி சொல்றாங்க. நெசமா டீச்சர்?”

என் வகுப்பில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். அன்று பதில் சொல்லத் தெரியாமல், “விசாரிச்சுச் சொல்றேம்மா, உட்காரு” என்றேன்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருக்கிறது. முன்பு பால்மரக் காடு, இப்போது செம்பனை. சில மாதங்களுக்கு முன் நிலம் அளப்பவர்கள் வந்து, மர வரிசைக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, கடிதமும் வரவில்லை. அன்றிலிருந்து கோவில் வாசலிலும் கடைத்திண்ணையிலும் ஒரே பேச்சுத்தான். அந்தப் பேச்சில் எப்படியோ இந்த “நூற்றுக்கு முப்பது” வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த மாணவியின் பாட்டியை லயத்தில் எல்லாரும் பெரியம்மா என்றே அழைப்போம். சிறு வயதிலேயே பால்வாளி தூக்கியவர். மரம் மாறியதும் குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவர். வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்து வழக்கம் அல்லவா? மகள் இன்னும் தோட்டத்தில் வேலை செய்வதால், ஓய்வு பெற்ற பிறகும் பெரியம்மா அதே லயத்து வீட்டில் இருக்கிறார்.

மறுநாள் அவரே என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்துவிட்டார். “என் மவன் பூச்சோங்குல இருக்கான் டீச்சர். அவன் வாங்குனது அந்த முப்பதுல ஒரு வீடுதான். சனிக்கிழமை போறேன், நீங்களும் வாங்க. கண்ணால பார்த்துட்டுப் புள்ளைங்களுக்குச் சொல்லுங்க” என்றார்.

இப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது.

ஏக்கரும் சதுர அடியும்

விடியற்காலை இருட்டோடு பஸ் ஏறினோம். ஜெரம், காப்பார் வழியாகக் கிள்ளானுக்குப் போகும் சாலை அது. முதலில் இரு பக்கமும் செம்பனை. பிறகு செம்பனைக்கு நடுவே ஒரு தொழிற்சாலை. அப்புறம் தொழிற்சாலைகளுக்கு நடுவே கொஞ்சம் செம்பனை. காப்பார் தாண்டிய பிறகு மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பெரியம்மா சன்னலோரம் உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தத் தோட்டம் இருந்தது என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் பிடித்தோம். பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா என்று நிலையங்கள் வந்து போயின. சுபாங் ஜெயாவில் இறங்கியபோது பெரியம்மா சற்று நின்றார்.

“இதுதானே சீபீல்டு எஸ்டேட்டு? என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த எடம்” என்றார்.

உண்மைதான். சுபாங் ஜெயா நகரம் 1976-ஆம் ஆண்டு எழும்பத் தொடங்கியது. அதற்கு முன் அது சீபீல்டு தோட்டம். அருகிலுள்ள பெட்டாலிங் ஜெயாவும் அப்படித்தான். 1950-களின் தொடக்கத்தில் எபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில்தான் அந்த நகரத்துக்கு வித்து இட்டார்கள். இன்று அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இது கதை. நம் பாட்டிமார்களுக்கு அது முகவரி.

நிலம் மட்டும் அங்கேயே இருக்கிறது. மாறியது அதன் மேல் எழுதியிருக்கும் ஒரு சொல். நம் நாட்டில் நிலப் பட்டாவில் அந்த நிலம் எதற்கு என்று குறித்திருக்கும்: விவசாயம், கட்டடம், தொழில் என்று. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அதன் பிறகு, அங்கே என்ன கட்டலாம், எத்தனை கட்டலாம் என்று ஊராட்சி மன்றம் திட்ட அனுமதி தர வேண்டும். இது 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் கீழ் வருவது.

இந்த இரண்டு கையெழுத்தும் விழுந்தால் என்ன ஆகும்? மரம் நின்றவரை ஏக்கர் கணக்கில் விலை பேசிய நிலத்தை, அதன் பிறகு சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி. வாங்கியவர் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. அதற்குள் நிலம் பலமடங்கு விலை ஏறிவிடுகிறது. அந்த ஏற்றம் அவருடைய உழைப்பால் வந்ததா? அரசு கொடுத்த அனுமதியால் வந்தது. பொதுமக்கள் பணத்தில் போட்ட சாலையாலும் ரயிலாலும் வந்தது. அதனால்தான், “அனுமதி தருகிறோம், அதற்கு ஈடாக ஏழைகளுக்கும் வீடு கட்டு” என்று அரசு நிபந்தனை போடுகிறது. நூற்றுக்கு முப்பது பிறந்தது இந்த இடத்தில்தான்.

முப்பது வந்த கதை

சுபாங் ஜெயாவில் எல்ஆர்டி ஏறிப் புத்ரா ஹைட்சில் மாறினோம். 2016-இல் திறந்த பாதை அது. தூண்களின் மேல் ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் உள்ளங்கையில் வைத்தாற்போல் தெரிகிறது. முன்னால் கண்ணாடி மினுக்கும் உயர்ந்த மாடங்கள், நீச்சல் குளம், காவல் சாவடி. அடுத்து வரிசை வரிசையாக மாடி வீடுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், மலைச்சரிவோரமாகவோ நெடுஞ்சாலைச் சுவரை ஒட்டியோ, சாயம் போன ஐந்து மாடிக் கட்டடங்கள். சன்னலுக்குச் சன்னல் மூங்கில் கழியில் துணி. எது அந்த முப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில் வேறு வழி. அங்கே 1960-இல் அமைந்த வீடமைப்பு வாரியமே வீடுகளைக் கட்டுகிறது. பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வாரிய வீடுகளில் வாழ்கிறார்கள். நம் நாட்டிலும் அரசு கட்டும் வீடுகள் உண்டு. பல மக்கள் வீடமைப்புத் திட்டங்களில் மாத வாடகை 124 வெள்ளி என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் அரசு மட்டும் கட்டி முடியாது என்று, 1980-களின் தொடக்கத்திலிருந்து தனியார் மேம்பாட்டாளர்களையும் இந்தக் கடமைக்குள் இழுத்தார்கள். பெரிய வீடமைப்புத் திட்டம் ஒன்று வந்தால், அதில் நூற்றுக்கு முப்பதாவது மலிவு விலை வீடாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கொள்கை. அப்போது மலிவு விலை வீட்டுக்கு உச்ச விலை 25,000 வெள்ளி; மாதம் 750 வெள்ளிக்கு மேற்படாத வருமானம் உள்ள குடும்பத்துக்கு அது.

1998-இல் அந்த விலையை இடத்துக்கு ஏற்ப நான்கு படிகளாகப் பிரித்தார்கள். நிலம் மலிவான இடத்தில் 25,000. பெரிய நகரங்களில் 42,000. வருமான வரம்பும் 1,500 வெள்ளிவரை உயர்ந்தது. அடுக்குமாடி வீடு என்றால் மூன்று படுக்கையறையும் 63 சதுர மீட்டர் பரப்பும் இருக்க வேண்டும் என்று அளவும் வகுத்தார்கள்.

இது நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் அன்று என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஆகவே எத்தனை ஏக்கருக்கு மேல் இந்த நிபந்தனை, எத்தனை விழுக்காடு, என்ன விலை என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிலாங்கூரில் 2013-இல் “ரூமா சிலாங்கூர்கூ” என்ற பெயரில் புதிய கொள்கை வந்தது. 42,000 வெள்ளி வீட்டிலிருந்து 250,000 வெள்ளி வீடுவரை அதில் பல வகை வைத்தார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளக்காரருக்கு 42,000 வெள்ளி வீடு என்பது ஏறக்குறைய இருபத்தைந்து மாதச் சம்பளம். 250,000 வெள்ளி வீடு என்பது பன்னிரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். அதுவும் ஒரு வேளைச் சோறு தின்னாமல் சேர்த்தால்! இரண்டையும் “வாங்கத்தக்க வீடு” என்றே சொல்கிறார்கள். யாரால் வாங்கத்தக்கது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

நான்காம் மாடி

பெரியம்மாவின் மகன் நிலையத்தில் காத்திருந்தார். ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. நாற்பது வயது இருக்கும். வீடு நான்காம் மாடியில். மின்தூக்கி கிடையாது. பெரியம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறினார்.

கதவைத் திறந்ததும் அவருடைய களைப்புப் பறந்துவிட்டது. மூன்று அறை, கூடம், சமையற்கட்டு, குளியலறை. சுவரில் முருகன் படம். அலமாரியில் பேரப்பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகள். மருமகள் காப்பி கலக்கிக் கொடுத்தார். பெரியம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், பிறகு முன்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தக் கதவை யாரும் வந்து காலி பண்ணுன்னு தட்ட முடியாதில்லடா?”

“தவணையைக் கட்டுற வரைக்கும் முடியாதும்மா” என்று சிரித்தார் மகன்.

அவர் 2007-இல் திருமணமான கையோடு மாநிலப் பட்டியலில் பெயர் கொடுத்தவர். நான்கு ஆண்டு கழித்து அழைப்பு வந்தது. விலை 42,000 வெள்ளி. வங்கிக் கடனுக்கு மாதம் இருநூற்றுச் சொச்சம். சேமநிதியிலிருந்து கொஞ்சம் எடுத்து முன்பணம் கட்டினார். நகரத்தில் வாடகைக்கு இருந்திருந்தால் இதைப்போல் மூன்று மடங்கு போயிருக்கும் என்றார்.

குறையும் சொன்னார். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிருவாகச் சட்டப்படி அதற்கு மேல் பத்து விழுக்காடு சேம வைப்பும் உண்டு. லயத்தில் கூரை ஒழுகினால் அலுவலகத்தில் போய்ச் சொல்வோம். இங்கே கூரை நம்முடையது; ஒழுகினாலும் நம்முடையதுதான். பாதிப் பேர் கட்டணம் கட்டாததால் படிக்கட்டு விளக்குகள் எரிவதில்லை, குப்பை தேங்குகிறது என்றார். வீடு வாங்கப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

“ஏன் தம்பி, நல்ல வீடுகளை முன்னால கட்டி, இதை மட்டும் பின்னால தள்ளியிருக்காங்க?” என்று கேட்டேன்.

அவர் சொன்னதை வைத்து, பிறகு நான் வகுப்பில் போட்ட கணக்கு இது. எண்கள் பள்ளிக் கணக்குக்காக நானே வைத்தவை. ஒருவர் 1,000 வீடு கட்டுகிறார். அதில் 300 மலிவு விலை. ஒரு மலிவு வீட்டைக் கட்ட 80,000 வெள்ளி செலவு, விற்பது 42,000-க்கு. வீட்டுக்கு 38,000 நட்டம். 300 வீட்டுக்கு ஒரு கோடியே பதினான்கு லட்சம். அதை மற்ற 700 வீட்டின் மேல் ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 16,300 வெள்ளி கூடும். ஆக, ஏழைக்கு வீட்டைக் கட்டித்தருவது மேம்பாட்டாளரின் மடிப்பணம் மட்டுமன்று. பக்கத்து வீட்டை வாங்குகிறவரும் அதில் பங்கு கொடுக்கிறார். மேம்பாட்டாளருக்கோ இந்த முப்பது நட்டக் கணக்கு. அதனால் மலிவான மூலையில் கட்டுவார், கடைசியில் கட்டுவார். வேறிடத்தில் கட்டிக்கொள்கிறேன், பணமாகச் செலுத்திவிடுகிறேன் என்று சலுகை கேட்டு வாங்கிய இடங்களும் நாட்டில் உண்டு. நிபந்தனை போட்டால் மட்டும் போதாது. அது நிறைவேறும்வரை கண்காணிக்கவும் வேண்டும் என்பது இதனால்தான்.

பெரியம்மா கேட்ட கேள்வி

காப்பி குடித்து முடித்துப் பின்பக்கச் சன்னலோரம் நின்றோம். கீழே ஒரு பழைய ஆலமரமும் சின்னக் கோவிலும் தெரிந்தன.

“அது தோட்டத்துக் கோவில் மாதிரி இருக்கே” என்றார் பெரியம்மா.

“ஆமாம்மா. இந்தக் கட்டடம் நிக்கிற எடத்துலதான் லயம் இருந்துச்சாம்.”

“அந்த லயத்து ஜனங்க எல்லாம் எந்த மாடியில இருக்காங்க?”

மகன் சற்று யோசித்தார். “எனக்குத் தெரிஞ்சு ரெண்டு குடும்பம் இருக்கும்மா. மத்தவங்க எங்கெங்கேயோ போயிட்டாங்க.”

“முப்பது வீடு அவங்களுக்கு இல்லியா?”

“அந்த முப்பது பட்டியல்ல இருக்குறவங்களுக்கும்மா. நான் பட்டியல்ல இருந்தேன். எனக்குக் கெடைச்சுது.”

பெரியம்மா பேசவில்லை. நானும் பேசவில்லை. என் மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சன்னலோரம் கிடைத்துவிட்டது. நூற்றுக்கு முப்பது என்ற நிபந்தனை எத்தனை வீடு கட்ட வேண்டும் என்று சொல்கிறது. அந்த மண்ணில் உழைத்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அது தானாகச் சொல்வதில்லை. அவர்களுக்கென்று தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு.

எழுதி வைக்காத சொல்லின் கதையை நம் சமூகம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. புத்ராஜெயா நகரம் எழுந்தது பெராங் பெசார், மேடிங்லி, செட்ஜ்லி, கேலவே ஆகிய தோட்டங்கள் இருந்த நிலத்தில். அங்கிருந்து ஏறக்குறைய 400 குடும்பங்கள் 1990-களின் பிற்பகுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாறின. அது அரசின் தலைநகரத் திட்டம். தனியாரின் முப்பது விழுக்காடு அன்று. ஆனால் பாடம் ஒன்றுதான். தங்களுக்குத் தரை வீடு தருவதாகச் சொல்லப்பட்டது என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்தார்கள். காற்றில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை வாசலில் ஏறி இறங்குவது?

நம்மால் ஆவது என்ன?

திரும்பும் ரயிலில் பெரியம்மா தூங்கவில்லை. “நான் ஏன் டீச்சர் அந்தக் காலத்துலேயே பேரு குடுக்கல? இருபத்தஞ்சாயிரம் வெள்ளிதானே அப்ப?” என்று கேட்டார். என்ன சொல்வது? லயத்தில் வீடு இருந்தது; வேலை தோட்டத்தில் இருந்தது. பட்டணத்தில் வீடு வாங்கினால் காலை ஐந்தரை மணிப் பெரட்டுக்கு எப்படி வந்து நிற்பது? அப்படித்தான் ஒரு தலைமுறை கழிந்தது. இன்று அவருக்கு வயதாகிவிட்டது. வங்கி கடன் தராது.

அடுத்த வாரம் நானும் இரண்டு ஆசிரியைகளும் மாவட்ட அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் போய் விசாரித்தோம். அங்கே அறிந்தவற்றைத் தோட்டத்துக் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, தோட்டத்தை விற்கும்வரை காத்திருக்காதீர்கள். சம்பளம் வாங்கும் காலத்திலேயே மாநில வீடமைப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். சிலாங்கூரில் இதைக் கவனிப்பது மாநில வீடமைப்பு, சொத்துடைமை வாரியம். குடியுரிமை, வயது, குடும்ப வருமானம், வேறு வீடு இல்லாமை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பெற்றோருக்கு வயதாகிவிட்டால், வேலை செய்யும் மகனோ மகளோ பெயர் கொடுக்கலாம்.

இரண்டாவது, அடையாள அட்டையைப் பாருங்கள். இன்னமும் சிவப்பு அட்டை வைத்திருக்கும் முதியவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாமல் இந்த வீடு கிடைக்காது.

மூன்றாவது, சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுப்புப் பற்றவைக்க அது வேண்டாம். வங்கி முதலில் கேட்பது அதைத்தான். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு, வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் திட்டம் ஒன்றும் 2008 முதல் இருக்கிறது. வங்கியில் “எஸ்ஜேகேபி” என்று கேளுங்கள்.

நான்காவது, உள்ளூர்த் திட்ட வரைவு. “ரஞ்சாங்கான் தெம்பாத்தான்” என்பார்கள். எந்த நிலம் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம். ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம். தோட்டத்துக்கு மேல் குடியிருப்பு வண்ணம் விழுந்திருந்தால், முளைக்குச்சி வரும் முன்பே நமக்குச் செய்தி வந்துவிட்டது என்று பொருள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. திட்ட அனுமதி கேட்கும்போது சட்டம் அறிவிப்புக் கொடுக்கச் சொல்வது பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்குத்தான். லயத்தில் குடியிருக்கும் நாம் யாருக்கும் உரிமையாளர் அல்லோம். நம் வாசலுக்குக் கடிதம் வராது. ஆகவே நாமாகத்தான் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். அனுமதி கொடுத்த பிறகு கேட்பது அழுகை. கொடுப்பதற்கு முன் கேட்பது கோரிக்கை. “இங்கே குடியிருக்கும் இத்தனை குடும்பங்களுக்கு இத்தனை வீடு, இந்த விலையில், இந்த இடத்தில்” என்று நிபந்தனையிலேயே சேர்க்கும்படி மாநில அரசுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் தொழிற்சங்கத்துக்கும் எழுதுங்கள். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். வீடு கிடைத்த பிறகும் பட்டாவைப் படியுங்கள். மாநில அனுமதியின்றி விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருக்கும். இடைத்தரகர் பேச்சைக் கேட்டு, கிடைத்த வீட்டைக் கைமாற்றிவிட்டு மறுபடியும் வாடகைக்கு அலைந்தவர்களை நான் அறிவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதற்கடுத்த ஞாயிறு, தலைமையாசிரியரின் அனுமதியோடு பள்ளி உணவுக்கூடத்தில் மேசை போட்டோம். எங்கள் லயத்தில் மிஞ்சியிருப்பது இருபத்தேழு குடும்பம். பத்தொன்பது குடும்பம் வந்தது. படித்த பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு படிவம் நிரப்பினார்கள்; தெரியாதவற்றை நான் சொன்னேன். பெரியம்மாவின் மகள் தன் பெயரைக் கொடுத்தார். உடன் வசிப்போர் என்ற இடத்தில் தாயின் பெயரை எழுதும்போது பெரியம்மா எட்டிப் பார்த்து, “அடையாள அட்டை நம்பரைச் சரியாப் போடும்மா” என்றார். சிவப்பு அட்டை வைத்திருந்த தாத்தா ஒருவரின் பத்திரங்களைத் தனி உறையில் போட்டு வைத்தோம். அது வேறு பயணம்.

இன்னொரு தாளில், நில மாற்றத்துக்கு முன் எங்களைக் கேட்க வேண்டும் என்று மாநில அரசுக்கு ஒரு கடிதம் எழுதினோம். வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துத் தெரியாத இருவர் பெருவிரல் வைத்தார்கள். ஊராட்சி மன்றத்தில் அதைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. முளைக்குச்சிகளும் அப்படியே நிற்கின்றன.

திங்கட்கிழமை வகுப்பில் சதவிகிதக் கணக்கை மறுபடியும் எடுத்தேன். ரம்புத்தானை விட்டுவிட்டேன். கரும்பலகையில் நூறு சின்னக் கட்டங்கள் வரைந்து, முப்பதுக்கு மட்டும் வண்ணச் சுண்ணாம்பு தீட்டினேன்.

“இந்த முப்பது யாருக்கு?” என்று கேட்டேன்.

பின்வரிசை மாணவி எழுந்தாள். “பேரு குடுத்தவங்களுக்கு டீச்சர். எங்க அம்மா குடுத்துட்டாங்க” என்றாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யார் கொடுத்திருக்கிறார்கள்?